பத்திரம் எழுத வந்திருக்கும் தம்பிக்கு



உரிமம் கைக்கு வந்துவிட்டது, கும்மிடிப்பூண்டியிலேயே உட்காரப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு அந்தப் பக்கம் ஜி.என்.டி. சாலையின் இருபுறமும் நிலம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. விற்கிறவர் பெரும்பாலும் பேர் எழுத மட்டும் தெரிந்த விவசாயி. வாங்குகிறவர் ஷிப்ட் முடிந்து பி.எஃப். பணத்தோடு வரும் தொழிலாளி. இருவருக்கும் நடுவில் பத்திரத்தின் பாஷை தெரிந்த ஆள் நீ ஒருவன்தான். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கையெழுத்துப் போடுகிறவருக்கு விளங்காத சொல் நீ எழுதும் பத்திரத்தில் இருக்கக் கூடாது.

"பட்டா இருக்கு, அப்புறம் என்ன?" என்று தினமும் யாராவது கேட்பார்கள். பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. அது மட்டுமே உரிமை ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. உரிமை தாய்ப்பத்திரத்திலிருந்து கண்ணி அறாமல் வர வேண்டும். அதற்காகப் பட்டாவை ஒதுக்கிவிடாதே. பத்திரம், பட்டா, புலப்படம் மூன்றிலும் சர்வே எண்ணும் உட்பிரிவும் அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார். பட்டாவில் 0-12.50 என்று இருந்தால் பன்னிரண்டரை செண்ட் என்று எண்ணிக்கொள்கிறவர்கள் உண்டு. அது ஹெக்டேர், ஏர் கணக்கு. 12.5 ஏர் என்றால் 1,250 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 31 செண்ட். இதைச் சொல்லாமல் விட்டால் அந்த விவசாயியின் நிலத்தில் பாதிக்கு மேல் சும்மாவே போய்விடும். காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டு.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்றால் நிலத்தில் வில்லங்கமே இல்லை என்று அர்த்தமில்லை. கேட்ட வருடங்களுக்குள் பதிவானது மட்டும்தான் அதில் வரும். உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகமும் நடக்கிற வழக்கும் அதில் தெரியாமல் போகலாம். ஊருக்குள் போய் நாலு பேரிடம் விசாரிக்கச் சொல்.

பவர் பத்திரத்தைக் கிரயம் என்று நினைத்து முழுப் பணத்தையும் கொடுத்தவர்கள் உன்னிடம் வருவார்கள். பவர், அக்ரிமெண்ட், உயில் இவற்றால் சொத்து கைமாறாது, பதிவான கிரயப் பத்திரம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக பவரும் அதோடு போயிற்று. அங்கீகாரம் இல்லாத மனை பற்றி உனக்கே தெரியும். அது 20-10-2016க்கு முன்பே மனையாகப் பதிவானதா என்று பார்க்க மறக்காதே.

எனக்கு அதிகம் வலிக்கிற இடம் விடுதலைப் பத்திரம். கம்பெனிக்காரர் நிலம் கேட்டு வருகிறார், அண்ணன் தம்பிகள் பேசி முடிக்கிறார்கள். கட்டிக்கொடுத்த அக்காவை ஆட்டோவில் அழைத்து வந்து "சும்மா ஒரு கையெழுத்து" என்கிறார்கள். அது சும்மா இல்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலவே பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் செய்தது. அதற்கு முன் மணமானவர்களுக்கு அதில் இடமில்லாமல் இருந்தது. 2005இல் வந்த மத்தியத் திருத்தம் அந்த வித்தியாசத்தையும் எடுத்துவிட்டது. அந்த அம்மாவைத் தனியே உட்காரவைத்து, "இதில் போட்டால் உங்கள் பங்கு போய்விடும், தெரியுமா?" என்று கேள். மாதர்பாக்கம் பக்கத்திலிருந்து வந்தவர் தெலுங்கு பேசுகிறவர் என்றால் தெலுங்கிலேயே கேள். தெரிந்தே விட்டுக்கொடுத்தால் அது அவர் விருப்பம். தெரியாமல் போகக் கூடாது.

அடுத்தது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் தலித் மக்களின் நிலைமையை எழுதி அரசுக்கு அனுப்பினார். 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அப்படி ஒதுக்கியதுதான் பஞ்சமி. திருவள்ளூர் செங்கல்பட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1997இல்தான். அதனால் அந்த அறிக்கை பேசியதில் நம் ஊர்களும் அடக்கம். முதல் பத்து வருடம் யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் அந்த மக்களுக்குள்ளேதான் விற்கலாம் என்பது நிபந்தனை. மீறி வாங்கினால் கிரயம் செல்லாது. அரசு அந்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இன்றைய பட்டாவைப் பார்த்தால் இது தெரியாமல் போகலாம். கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டைப் பார். அதில் சந்தேகம் வந்தால் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பழைய பதிவேட்டின் நகலுக்கு மனுப் போடச் சொல். இரண்டு வாரம் தாமதமாகட்டும், பரவாயில்லை. இந்த நிலத்துக்காக 1994இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் உயிரை விட்டிருக்கிறார்கள். பஞ்சமி என்று தெரிந்தால், எவ்வளவு கொடுத்தாலும் வேறு ஆள் பேருக்கு அந்தக் கிரயத்தை எழுதாதே.

புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று பேசுகிறவர்களையும் பார்ப்பாய். தேர்வாய்கண்டிகையில் சிப்காட் எடுத்தது மேய்க்கால் புறம்போக்கு. ஊர் மாடு மேய்ந்த இடம் அது. மக்கள் போராடினார்கள், வழக்கும் போட்டார்கள். பட்டா யார் பேரிலும் இல்லாததால் அதை நம்பிப் பிழைத்தவர்கள் நஷ்ட ஈட்டுக் கணக்கில் வரவே மாட்டார்கள். பதிவேட்டில் ஒரு நிலம் எந்த வகையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதில் ஒரு ஊரின் சோறு இருக்கிறது. உன்னிடம் வருகிற கிராமத்துக்காரருக்கு இதை எடுத்துச் சொல்ல நேரம் ஒதுக்கு. அதற்குக் காசு வாங்காதே.

முகூர்த்த நாளில் டோக்கன் கூடுதலாகக் கொடுப்பார்கள். கூட்டம் நெரியும், தரகர் அவசரப்படுத்துவார். அதனால் பத்திர நகலை முந்தின நாளே விற்கிறவர் கையிலும் வாங்குகிறவர் கையிலும் கொடுத்துவிடு. வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் சத்தமாகப் படிக்கச் சொல். மறுநாள் ரேகை வைப்பதற்கு முன் சொத்து விவரத்தையும் நான்கு எல்லையையும் நீயே ஒரு முறை வாசித்துக் காட்டு. பத்திரத்தின் கடைசியில் உன் பேரும் உரிம எண்ணும் இருக்கும் தம்பி, வாசிக்காமல் அதில் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்