300 கோடி வருஷப் பழைய என்சைமை அப்டேட் பண்ண முடியுமா?



இந்த வார எபிசோடில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது: ரூபிஸ்கோ. பேச்சு ஓட்டத்தில் அதை முழுசா விளக்க முடியல. அதனால இங்கே ஒரு சின்னப் பாடம்.

இன்னைக்கு நீங்க சாப்பிட்டது சோறோ பாஸ்தாவோ, அதில் இருக்கும் கார்பன் முதலில் காற்றில் கார்பன் டை ஆக்சைடாக இருந்ததுதான். ஒளிச்சேர்க்கையில் அதைப் பிடித்து, சர்க்கரை ஆகும் பாதையில் ஏற்றிவிடும் என்சைம், அதாவது நொதி, பெயர்தான் ரூபிஸ்கோ.

இவ்வளவு முக்கியமான ஆளுக்கு இரண்டு பெரிய குறைகள்.

ஒண்ணு, வேகம். பல என்சைம்கள் ஒரு செகண்டில் நூற்றுக்கணக்கான வேலைகளை முடிக்கும். நெல், கோதுமையின் ரூபிஸ்கோ முடிப்பது சில மட்டுமே. ஈடுகட்ட, செடி அதைக் குவித்து வைக்கிறது. இலையில் கரையும் புரதத்தில் பாதி வரைக்கும் ரூபிஸ்கோதான்!

இரண்டு, ஆள் மாறாட்டம். சுமார் நாலு தடவைக்கு ஒரு தடவை, கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலா ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அதனால் உருவாகும் வேண்டாத பொருளைச் சரிசெய்ய செடி சக்தியைச் செலவழிக்கணும், சேர்த்த கார்பனிலும் கொஞ்சம் இழக்கணும். இதுக்குப் பேர் ஒளிச்சுவாசம். வெப்பம் கூடினால் இந்த நஷ்டமும் கூடும். பூமி சூடாகும்போது கவலைப்பட வேண்டிய விஷயம் இது.

ஏன் இப்படி? ரூபிஸ்கோ உருவான காலத்தில் காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே வரல.

சரி, திருத்திடலாமே? அங்கேதான் சிக்கல். பெரும்பாலும் வேகத்தைக் கூட்டினால் பிரித்தறியும் திறன் குறையுது. செடிகளின் ரூபிஸ்கோ 8 பெரிய, 8 சின்னத் துண்டுகள் சேர்ந்தது. பெரிய துண்டுக்கான ஜீன் பசுங்கணிகத்தில், சின்னதுக்கான ஜீன் செல்லின் உட்கருவில். கோர்க்கவே உதவிப் புரதங்கள் வேணும். சோதனைக்காக அதை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் செய்ய முடிந்ததே 2017-ல்தான்.

இப்போ மூணு வழியில் முயற்சி நடக்குது.

1. என்சைமையே மாற்றுவது. 2014-ல் கார்னெல், ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சியாளர்கள் நீலப்பச்சைப் பாக்டீரியாவின் வேகமான ரூபிஸ்கோவைப் புகையிலையில் வைத்தார்கள். செடி வளர்ந்தது, ஆனால் கார்பன் டை ஆக்சைடை அதிகமாகக் கொடுத்தபோதுதான்.

2. தப்பை விட்டுவிட்டு, சரிசெய்யும் வழியைக் குறுக்குவது. 2019-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு இப்படி மாற்றிய புகையிலை, திறந்த வயலில் 40% வரை கூடுதலாக வளர்ந்தது.

3. ரூபிஸ்கோவைச் சுற்றிக் கார்பன் டை ஆக்சைடை நிரப்புவது. மக்காச்சோளமும் கரும்பும் இயற்கையாகவே இதைச் செய்யுது. சி4 எனப்படும் இந்த அமைப்பை நெல்லுக்குள் கொண்டுவர ஒரு சர்வதேசத் திட்டம் பல வருஷமா பாடுபடுது. முழுசா வேலை செய்யும் நெல் இன்னும் வரல.

கவனிச்சீங்களா, முதல் இரண்டும் புகையிலை. ஜீன் மாற்ற வசதியான செடி என்பதால் அதில் முதலில் சோதிப்பார்கள். அந்த 40%-ம் செடியின் எடை, தானியம் இல்லை.

அதனால "விளைச்சல் 40% கூடியது"ன்னு அடுத்த முறை தலைப்பு பார்த்தால் மூணு கேள்வி கேளுங்க: எந்தச் செடி? கண்ணாடிக் கூடமா, வயலா? எடை கூடியது இலையிலா, தானியத்திலா? மூணுக்கும் நல்ல பதில் வந்தால், அது நிஜமாவே நம்ம தட்டுக்கு வரப்போகும் செய்தி.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!