நீர்ப்பூண்டுத் தொட்டியில் சிறு நத்தைகள்

கண்ணாடித் தொட்டியில் நீர்ப்பூண்டுகளை நட்டு அழகு மீன் வளர்ப்போர், தாம் விலைகொடுத்து வாங்காத ஒரு பிராணியைச் சில வாரங்களுக்குள் அங்கே காண்பர். அதுவே சிறு நத்தை. குளத்திலிருந்தோ வியாபாரியிடமிருந்தோ கொணர்ந்த வேலம்பாசியின் இலைகளில் ஒட்டியுள்ள பசை போன்ற முட்டைத் திரளே பெரும்பாலும் அதற்கு வித்தாகும். நத்தை பெருகக் கண்டவுடன் மயில்துத்தத்தைத் தேடுவது பலருடைய வழக்கம். அதற்கு முன் அப்பிராணி அங்கு செய்யும் தொழில் யாதென அறிதல் நலம்.

நம் தொட்டிகளில் சாதாரணமாகக் காணப்படுபவை மூன்று. முதலாவது, நுனி மேலாகப் பிடித்துப் பார்த்தால் வாய் இடப்புறம் அமைந்த சிறு நத்தை. வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டு உலகெங்கும் பரவியது. இரண்டாவது, கடாவின் கொம்பைப் போல் தட்டையாகச் சுருண்டது. இவ்விரண்டும் நீர்மட்டத்திற்கு வந்து காற்றை உட்கொள்ளும். மூன்றாவது, திருகாணி போல் நீண்ட ஓடுடையது, செவுளால் சுவாசிப்பது, முட்டையிடாது குஞ்சு ஈனுவது. ஆண் துணையின்றியே இது விருத்தியாவதால், ஒன்றே ஒன்று புகுந்தாலும் போதும்.

இம்மூன்றில் மிக்க உபகாரி திருகாணி நத்தையே என்பது எமது கருத்து. பகலில் மணலுக்குள் புதைந்து இரவில் வெளிவரும் இது, மண்புழு வயலில் செய்வதுபோல் மணலைக் கிளறி இறுகாமல் காக்கின்றது. பட்டப்பகலில் இவை கூட்டமாகக் கண்ணாடியில் ஏறி நின்றால், நீரில் பிராணவாயு குறைந்ததோ என்று உடனே பார்க்க வேண்டும்.

சிறு நத்தைகளின் ஆகாரம் கண்ணாடியிலும் இலையிலும் படியும் பாசி, உதிர்ந்து அழுகும் இலை, மீன் தின்னாது விட்ட தீனி, செத்த மீன் ஆகியவை. இலையில் ஓட்டை விழுந்தால் நத்தையின்மேல் பழி சுமத்துகின்றனர். பெரும்பாலும் அவ்விலை சத்துக் குறைவாலோ வெளிச்சக் குறைவாலோ முன்னரே நலிந்ததாயிருக்கும். ஆயினும் நத்தை தொட்டியைச் சுத்தம் செய்கிறது என்பது பாதி உண்மையே. அது கழிவைத் துண்டு துண்டாக்குகிறதேயன்றி நீரைவிட்டு அகற்றுவதில்லை. அதன் எச்சமும் அம்மோனியாவாகும். அதனைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றியபின் பூண்டுகளே உரமாக உறிஞ்ச வேண்டும். ஆகவே நத்தையின் தொகை, நாம் இடும் தீனியின் மிகுதியைக் காட்டும் அளவுகோல். மீன்கள் இரண்டொரு நிமிஷங்களில் தின்று முடிக்குமளவே தீனியிட்டால் அத்தொகை தானே குறையும். அவசரமாயின், இரவில் ஒரு வெள்ளரித் துண்டை இட்டு, மொய்த்த நத்தைகளை விடியற்காலையில் அதனுடன் எடுத்து விடலாம்.

மயில்துத்தம் வேண்டவே வேண்டாம். செம்பு நத்தையைக் கொல்லும், மென்னீரில் மீனையும் கொல்லும், பூண்டுகளுக்கும் தீது. மணலுக்குள் நூற்றுக்கணக்கில் நத்தைகள் ஒரே நாளில் செத்து அழுகினால் அம்மோனியா பெருகி, மருந்திற்குத் தப்பிய மீனும் மாளும்.

கால்நடை வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது வேறொன்றுண்டு. நம் நாட்டுக் குளங்களிலும் வயல்களிலும் உள்ள தட்டை நத்தையினுள், மாடுகளுக்கு மூக்கடைப்பும் குறட்டையும் உண்டாக்கும் இரத்தப் புழு வளர்கின்றது. இப்புழுவை 1933-ல் விவரித்தவர் சென்னை ராஜதானியைச் சேர்ந்த ராவ் என்னும் நிபுணர். நோயுற்ற மாட்டின் மூக்குச் சளியோடு நீரில் விழும் முட்டை பொரித்து நத்தையுட் புகும். பின் அதிலிருந்து வெளிப்படும் நுண்புழு, நீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உட்செல்லும். இவ்வின நுண்புழுக்கள் நடவில் இறங்குவோர் காலில் அரிப்பையும் உண்டாக்கும். தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த நத்தைக்கு மாட்டின் தொடர்பு இல்லாமையால் இவ்வச்சமில்லை. குளத்து நத்தையை வெறுங்கையால் பிடித்து வந்து விடுவதே தவறு. பூண்டுகளையும் அலசி, முட்டைத் திரளைத் துடைத்து, சில வாரம் தனி வாளியில் வைத்த பின்னரே நடவேண்டும்.

மிகுந்த நத்தைகளைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது. உணவுக்கென 1980-ஐ ஒட்டித் தென் அமெரிக்காவிலிருந்து தைவானுக்குக் கொணரப்பட்ட பெரிய நத்தையொன்று, பின்னர் பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளின் இளநாற்றை மேய்ந்து பெருநாசம் விளைத்தது. வேண்டாத நத்தைகளை நசுக்கிக் கோழிக்கு இடுவதாயின் முன்னதாக வேகவைக்க வேண்டும். இல்லையேல் எருக்குழியில் புதைக்கலாம். மாற்றும் தொட்டி நீரை வாய்க்காலுக்கு எட்டாதபடி வாழைக்கோ பூச்செடிக்கோ பாத்தி கட்டி ஊற்றலாம்.