க்ளோ இன்ஜின் வாங்கப் போகும் காஞ்சிபுரத்து வீட்டுக்குச் சில குறிப்புகள்

1. இன்ஜினுக்கு முன்னால் எரிபொருளுக்கு வழி பாருங்கள். ரிமோட் விமானத்தின் க்ளோ இன்ஜின் பெட்ரோலில் ஓடாது. மெத்தனாலும் எண்ணெயும் கொஞ்சம் நைட்ரோமீத்தேனும் கலந்த கலவை வேண்டும். தமிழ்நாட்டில் மெத்தனாலுக்கு உரிமம் தேவை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்து 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது அதுதான். உரிமம் உள்ளவரிடம் கலவை கிடைப்பது உறுதியான பிறகே இன்ஜினுக்குப் பணம் கொடுங்கள். கெமிக்கல் கடைக்குப் பிள்ளையை அனுப்பவே கூடாது.

2. காந்தி ரோட்டில் பட்டுதான் கிடைக்கும். இன்ஜினுக்குச் சென்னை, பெங்களூரு ஹாபி கடைகளைத்தான் விசாரிக்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் பேட்டரி, சார்ஜர், ஒயர் வாங்கலாம். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவு இருந்தால் அங்கே கேளுங்கள். மாதிரி விமானம் கட்டுவது அவர்கள் பயிற்சியிலேயே உண்டு.

3. பழைய இன்ஜின் என்றால் கையில் வாங்கிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். புரொப்பல்லரை மெல்லச் சுற்றுங்கள். நறநறவென்றால் பேரிங் துருப்பிடித்திருக்கிறது, விட்டுவிடுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுகினால் பயப்பட வேண்டாம். சில வகைகளை அப்படித்தான் செய்திருப்பார்கள். அசையவே இல்லையா? பெரும்பாலும் உள்ளே விளக்கெண்ணெய் உறைந்து பிசினாகியிருக்கும். ஹேர் டிரையரால் சூடு காட்டினால் இளகும். குறடு போட்டுத் திருகி நல்ல இன்ஜினைக் கெடுத்தவர்கள் உண்டு.

4. பழகுபவருக்கு 46 அளவு போதும். 0.46 கன அங்குலம், அதாவது சுமார் 7.5 சி.சி. 11-க்கு 6 புரொப்பல்லர் பொருந்தும்.

5. கூடவே இரண்டு மூன்று க்ளோ பிளக் வாங்கி வையுங்கள். ஜரிகை போல மெல்லிய பிளாட்டினக் கலவைக் கம்பிச் சுருள்தான் அதன் உயிர். 1.5 வோல்ட் கொடுத்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியை எடுத்துவிடலாம். மெத்தனால் பட்டுக்கொண்டே இருப்பதால் கம்பி அணையாது.

6. தறி இருக்கும் வீட்டில் இன்ஜினை ஓட்டிப் பார்க்காதீர்கள். சைலன்சர் வழியே எண்ணெய் தெறிக்கும். பாவில் ஒரு துளி பட்டாலும் பல நாள் உழைப்பு வீண். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். எரிபொருள் டப்பாவைப் பஸ்ஸிலோ ரயிலிலோ கொண்டுவரக் கூடாது.

7. புரொப்பல்லரை விரலால் தட்டி ஸ்டார்ட் செய்யாமல் ரப்பர் உறை போட்ட குச்சியை வைத்துக்கொள்ளுங்கள்.

8. கோடையில் வறண்ட ஏரி பறக்கவிட நல்ல இடம். ஆனால் பக்கத்து அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளம் இருக்கிறது. அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் அந்த ஏரி பச்சை மண்டலத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். பச்சையிலும் உயரம் 400 அடிக்கு மேல் போகக் கூடாது.