கழிவு உரமும் மண்புழு சோதனையும்

தியாகதுருகம் வட்டாரக் கரும்பு விவசாயிகளுக்குப் பிரஸ்மட் பழகிய உரம். ஆனால் 'கழிவு உரம்' என்று மலிவாக வருவதெல்லாம் பிரஸ்மட் ஆகாது. இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச் சென்ற கழிவு மட்டும் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல்!

ஆலைக்கழிவில் பல உலோகங்கள் கலந்திருக்கலாம். தனித்தனியே அளவுக்குள் இருந்தாலும், சேரும்போது இனவிருத்தியைக் கெடுக்கக்கூடும். எனவே ஆய்வுக்கூடங்களில் கழிவை அப்படியே மண்ணில் கலந்து, பெட்டிக்கு 10 மண்புழு விடுகிறார்கள். 28ஆம் நாள் வளர்ந்த புழுக்களை எடுத்துவிட்டு, 56ஆம் நாள் குஞ்சுகளை எண்ணி, கழிவு கலவாத மண்ணோடு ஒப்பிடுவர். புழு சாகவில்லையே என்று ஏமாறக்கூடாது; குஞ்சுதான் முதலில் குறையும்.

எந்த ஆலையின் கழிவு என்று தெரியாததைத் தீவன நிலத்தில் இடவே கூடாது. ஏற்கெனவே இட்டிருந்து, மாடு சினை பிடிக்காவிட்டால், கால்நடை மருத்துவரிடம் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.