தாத்தாவின் கம்ப்யூட்டரை மாற்றும் முன்

அன்புள்ள கண்ணா,

பொங்கலுக்கு வரும்போது தாத்தாவுக்குப் புது லேப்டாப் வாங்கி வரப்போகிறாய் என்று அக்கா சொன்னாள். வேலைக்குப் போன முதல் வருஷத்திலேயே உனக்கு இப்படித் தோன்றியதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் ஆர்டர் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடு. போனில் சொன்னால் நாலு பேச்சுக்கு நடுவே அமுங்கிப் போய்விடும் என்றுதான் எழுதுகிறேன். கல்லூரி லேபில் இத்தனை வருஷம் பழைய கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவள் என்ற முறையில் சொல்கிறேன். அந்த மிஷினை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உள்ளே ஒரு பாகத்தை மட்டும் மாற்றினால் போதும்.

தீபாவளிக்கு வந்தபோது அதில் உட்கார்ந்து ரயில் டிக்கெட் பார்த்தாயே, கொஞ்ச நேரத்தில் உனக்குப் பொறுமை போய்விட்டது. உன்னைப் படுத்திய மந்தம் தாத்தாவைப் படுத்துவதே இல்லை. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவார். விபூதி இட்டுக்கொண்டு வந்து உட்காரும்போது திரை தயாராக இருக்கும். அதற்கு ஐந்து நிமிஷம் ஆனாலும் பத்து நிமிஷம் ஆனாலும் அவருக்கு ஒன்றுதான். அவருடைய சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. முதியோர் உதவித்தொகைக்கோ பட்டா மாறுதலுக்கோ மனு அடிக்க யாராவது திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவர், காசு வாங்காமல் அடித்துத் தருவார் என்று சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். அவர்களை உட்கார வைத்துவிட்டு, வேர்டு திறப்பதற்காகத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "கொஞ்சம் பொறுங்க, மிஷின் முழிக்கணும்" என்கிறார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவர்கள் எழுந்தால் இவர் முகம் வாடிப்போகிறது. நாம் தீர்க்க வேண்டியது அந்தக் காத்திருப்பை. அதனால், நீ வந்தால் முதலில் ஒரு காலைப்பொழுது மௌஸைத் தொடாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று மட்டும் பார்.

சென்ற வாரம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்தேன். வேர்டு திறக்கும் நேரமெல்லாம் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது; பிராசஸர் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. 2015இல் வாங்கிய மிஷின் அது. உள்ளே நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க். சின்னச் சின்னக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் அதன் முனை நகர்ந்து இடம் தேட வேண்டும். ஒரு தேடலுக்குப் பத்து மில்லி செகண்டு அளவில் போகும். விண்டோஸ் 10 அப்டேட், தேடல் பட்டியல், வைரஸ் சோதனை என்று பின்னால் ஓயாமல் ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த வரிசையில்தான் தாத்தாவின் வேர்டும் காத்து நிற்கிறது. அந்த டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால், அதில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. அதே தேடல் மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கில் முடிந்துவிடும். லேபில் பிராசஸர் பழசாகிவிட்டது என்று ஒதுக்கி வைத்த எத்தனையோ மிஷின்கள் எஸ்எஸ்டி போட்டதும் எழுந்து வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 ஜிபி அவருக்குத் தாராளம். லேப்டாப் விலையில் அது ஒரு சிறு பங்குதான் வரும்.

ராம் 4 ஜிபிதான் இருக்கிறது. அதை உடனே கூட்டாதே. எஸ்எஸ்டி போட்ட பிறகும் திணறினால் பார்க்கலாம். அதில் போவது டிடிஆர்3. இப்போது கடையில் புதிதாகக் கிடைக்கும் டிடிஆர்4, டிடிஆர்5 அந்த ஸ்லாட்டில் உட்காராது, வெட்டு இடமே வேறு. ரிப்பேர் கடைகளில் பழையது கழற்றி வைத்திருப்பார்கள், நான் கேட்டு வைக்கிறேன்.

வீடியோவில் பேசும்போது உறைந்துபோகிறது என்று உன் தங்கை குறைப்படுகிறாளே, அதற்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமே இல்லை. ரவுட்டர் மாடியில், கம்ப்யூட்டர் கீழே முன்னறையில், நடுவில் தளமும் ஒரு கனத்த பழைய சுவரும். புது லேப்டாப்பைக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தாலும் இப்படித்தான் உறையும். மாடியிலிருந்து ஒரு லேன் கேபிள் இறக்கினால் சரியாகிவிடும்.

இனி, நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். தாத்தா டைப் இன்ஸ்டிடியூட்டில் படித்துத் தமிழில் ஹையர் பாஸ் செய்தவர். அவர் விரல்கள் கீபோர்டைப் பார்ப்பதில்லை, கண் தாளிலேயே இருக்கும். இன்றைக்கும் பழைய தட்டச்சு அமைப்பில் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறார். புது விண்டோஸில் தமிழ்99, அஞ்சல் எல்லாம் கூடவே வருகின்றன. இவருடைய பழைய தட்டச்சு அமைப்பு வருவதில்லை. பாமினியில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத மிஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். நீ ஆசையாகக் கொடுத்த லேப்டாப்பில் அவர் முதன்முதலாகத் தன் பழைய மனுக்களைத் திறந்து அதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசி. எழுத்துருவை நகலெடுத்துப் போடலாம், என்எச்எம் ரைட்டர் போட்டால் பழைய தட்டச்சு அமைப்பிலேயே யூனிகோடு அடிக்கலாம், என்எச்எம் கன்வர்ட்டரில் பழைய கோப்புகளை மாற்றலாம். எல்லாம் முடியும்தான். அதையெல்லாம் பொறுமையாகச் செய்து, சரிபார்த்து, அவரைப் பழக்கிவிட்டுத்தான் நீ ஊருக்குக் கிளம்ப வேண்டும். நான்கு நாள் லீவில் அது நடக்குமா?

அந்த நீல அட்டை நோட்டைப் பார்த்திருக்கிறாயா? ஒவ்வொரு வேலைக்கும் எதை முதலில் அழுத்த வேண்டும், இரண்டாவது என்ன வரும் என்று தன் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். "மேலே இடது ஓரத்தில் மூன்றாவது படம்" என்று இருக்கும். மிஷினை மாற்றினால் அந்த நோட்டு முழுக்கப் பயனற்றுப் போகும். எஸ்எஸ்டி போடும்போது பழைய டிஸ்கை அப்படியே குளோன் செய்துவிடலாம். படங்கள் அதே இடத்தில் இருக்கும், எழுத்துரு இருக்கும், நோட்டும் செல்லும். வேகம் மட்டும் கூடியிருக்கும். அவருக்கு இதைவிட நல்ல பரிசு எனக்குத் தோன்றவில்லை.

நீ கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு நின்றுவிட்டதே என்பாய். நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாதது. அவருடையது நான்காம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 11 இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கும். குறுக்கு வழியில் ஏற்றிவிடலாம் என்று உன் நண்பர்கள் சொல்லுவார்கள். அப்படி ஏற்றினால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று உறுதியில்லை, அவர் மிஷினில் அதைச் செய்யாதே. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அதில் சேமிக்கச் சம்மதித்தால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்களைக் காசில்லாமல் தருகிறார்கள். அதைப் பதிந்துவிடு. பாஸ்வேர்டை அவரே தேர்ந்தெடுக்கட்டும், நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். பென்ஷன் கணக்கை அந்த மிஷினில் பார்க்க வேண்டாம் என்று நான் ஏற்கெனவே சொல்லி, போனுக்கு மாற்றிவிட்டேன்.

ஆக நமக்கு 2026 அக்டோபர் வரை அவகாசம் இருக்கிறது. அதற்குள் மதர்போர்டு போனாலோ, அவரே புதுசு வேண்டும் என்றாலோ தயங்காமல் வாங்கலாம். அப்போதும் லேப்டாப் வேண்டாம். கண்புரை ஆபரேஷன் ஆன கண் அவருக்கு. இப்போது இருக்கும் பதினெட்டரை அங்குலத் திரையிலேயே எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிக்கிறார். பதினாலு அங்குலத்தில் தலை குனிந்து பார்க்க வைக்காதே. மினி பிசி ஒன்று வாங்கி அதே மானிட்டர், அதே கீபோர்டைச் சேர்த்துவிடலாம். மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறது, எச்டிஎம்ஐயிலிருந்து மாற்றும் சின்னக் கன்வர்ட்டர் தேவைப்படும். இப்போது வாங்கும் எஸ்எஸ்டியை அன்றைக்கு அந்த மினி பிசியிலேயே மாட்டிக்கொள்ளலாம், சாட்டா இடம் உள்ளதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

எதைச் செய்வதற்கு முன்னாலும் அவர் கோப்புகளை ஒரு வெளி டிஸ்கில் எடுத்து வை. பத்து வருஷம் சுற்றிய டிஸ்க். குளோன் செய்யும்போதே படுத்துவிட்டால் மனுக்களும் பாட்டியின் போட்டோக்களும் போய்விடும். குளோன் நன்றாக ஓடினாலும் பழைய டிஸ்கை அழிக்காமல் சில மாதம் பீரோவில் வைத்திரு.

இன்னொன்று. அந்தக் கம்ப்யூட்டரை அவர் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் கடை கடையாக விசாரித்துத் தானே வாங்கினார். அதனால் திடீரென்று கொண்டுவந்து நீட்டாதே. இந்தப் பாகம்தான் தடுக்கிறது, மாற்றட்டுமா தாத்தா, இவ்வளவு செலவாகும் என்று உள்ளதைச் சொல்லிக் கேள். விலையைக் குறைத்துச் சொல்லாதே, கண்டுபிடித்துவிடுவார். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே. கோப்புகளை மட்டும் நகலெடுத்துக் கொடுத்துவிட்டு வா. "இதுகூடத் தெரியலையா தாத்தா" என்று போன தடவை உன் வாயில் வந்தது. அவர் பதில் சொல்லவில்லை. இந்தத் தடவை அந்தச் சொல் வர வேண்டாம், கண்ணா.

காணும் பொங்கலன்று மனுவுக்கு யாரும் வரமாட்டார்கள், அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம். குளோன் முடியக் கொஞ்ச நேரம் பிடிக்கும், காலையிலேயே ஆரம்பித்துவிடுவோம். கேபினெட்டைத் திறக்கும்போது ஃபேனில் அடைந்திருக்கும் தூசியையும் எடுத்துவிடலாம். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்ற வேண்டும், கரண்ட் போய் வந்தால் தேதி பின்னால் போய்விடுகிறது என்கிறார். நானும் வருகிறேன். எஸ்எஸ்டியை நீயே வாங்கு, அது உன் கையால் கொடுத்ததாக இருக்கட்டும். சாட்டாவிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் கேபிள் என்னிடம் இருக்கிறது. தாத்தாவிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே போனில் கேட்டுவிட்டு எனக்குச் சொல்.

அன்புடன்,
சித்தி