கார் கதவின் மின் லொக்: பழையதை வாங்குமுன், விற்குமுன்

மல்லாவியில் வாடகைக் கார் ஓட்டும் தம்பி ஒருவர் சில வருடங்களுக்கு முன் வவுனியாவிலுள்ள எனது உதிரிப்பாகக் கடைக்கு வந்தார். அவரது வண்டி கொரோலா 121. சாரதிப் பக்கக் கதவின் மின் லொக் பழுது. புதியதை வாங்க வசதியில்லை, பழையது போதும் என்றார். ஒரு லொக்கை எடுத்து பெட்டரியில் ஒரு தரம் தொட்டுக் காட்டினேன். 'டக்' என்று இழுத்தது. பணத்தை வாங்கி லாச்சிக்குள் போட்டேன்.

நான்காம் நாள் அதே லொக்கைக் கழற்றிக் கையில் கொண்டு பஸ்ஸில் வந்து நின்றார்.

"நானா, பொய் சொல்லேல்லை. காலமை நல்லா வேலை செய்யுது. மத்தியானம் வெயிலுக்க நிண்டா அசையுதில்லை."

சுவரில் தொங்கிய 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது' என்ற பலகையைக் காட்டினேன். அவர் தர்க்கம் பண்ணவில்லை. லொக்கை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஏ9 வீதியால் மாங்குளம் வரை சென்று, அங்கிருந்து மேற்கே வெள்ளாங்குளம் வீதியில் திரும்பித்தான் மல்லாவிக்குப் போக வேண்டும். ஒரு லொக்குக்காக அந்த மனிதர் இரண்டு நாள் ஓட்டத்தை இழந்திருந்தார்.

அன்று கடை பூட்டிய பிறகு அந்த லொக்கைத் திறந்து பார்த்தேன். அதில் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே இருப்பது 12 வோல்ட்டில் ஓடும் ஒரு சின்ன மோட்டாரும் சில பிளாஸ்டிக் பற்சக்கரங்களும். மின் ஒரு பக்கமாகப் பாய்ந்தால் பூட்டும், மறுபக்கமாகப் பாய்ந்தால் திறக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு வினாடிக்கும் குறைவாகத்தான் மின் வரும். அந்த நேரத்துக்குள் மோட்டார் இழுக்காவிட்டால் லொக் அசையாது. மோட்டாருக்குள் உள்ள காபன் தேய்ந்தால், பற்சக்கரத்தின் கிரீஸ் காய்ந்தால், முதலில் காட்டிக்கொடுப்பது வெயில்தான். சூடேறிய கம்பிச் சுருளில் மின் குறைவாகப் பாயும், இழுவை தளரும். ஆகவே கடை நிழலில் ஒரு தரம் 'டக்' என்றது எதற்கும் சாட்சியல்ல.

வாங்குபவர் முதலில் தனது லொக்தான் பழுதா என்று நிச்சயப்படுத்த வேண்டும். எல்லாக் கதவும் வேலை செய்யாவிட்டால் பியூஸைப் பாருங்கள். ஒரு கதவு மட்டும் என்றால், கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய்க்குள் வயர் முறிந்திருக்கலாம். கதவு திறந்து மூடும்போதெல்லாம் அந்த வயர் மடிகிறது. உள் பலகையைக் கழற்றி, சுவிட்சை அழுத்தும்போது லொக்கின் பிளக்கில் 12 வோல்ட் ஒரு கணம் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தால் விடயம் முடிந்தது. மின் வந்தும் அசையாவிட்டால்தான் லொக் பழுது. பாதிப் பேர் இதைப் பார்க்காமலே கடைக்கு வருகிறார்கள். நாங்களும் கேட்காமலே விற்கிறோம்.

பழைய லொக்கைக் கையில் கொண்டு வாருங்கள். வலம் இடம் வேறு, முன் பின் வேறு. சாரதிக் கதவு லொக்கின் பிளக்கில் கம்பிகள் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும், அவற்றை எண்ணி ஒப்பிடுங்கள். ஜப்பானில் கழித்த கார்களின் பாகங்கள் நமக்குப் பொருந்தும், ஏனெனில் அங்கும் சுக்கான் வலப்பக்கம்தான். இடப்பக்கச் சுக்கான் உள்ள நாட்டிலிருந்து வந்த லொக் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தும் ஏமாற்றிவிடும்.

பரீட்சிக்கும்போது இருபது முப்பது தடவையாவது பூட்டித் திறக்க வேண்டும். நடுவில் சில வினாடிகள் விட வேண்டும், தொடர்ந்து மின் கொடுத்தால் நல்ல மோட்டாரும் சூடாகித் தளரும். பிறகு லொக்கை வெயிலில் வைத்து இன்னொரு சுற்று.

பொருத்திய பின் அவசரப்பட்டுக் கதவை அடிக்க வேண்டாம். கதவு திறந்திருக்கும்போதே கொக்கியை ஸ்குரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, கைபிடியை இழுத்தால் விடுகிறதா என்று பாருங்கள். இதைப் பாராமல் மூடி, பிறகு உள்பலகையை உடைத்துத் திறந்த கதைகள் எல்லாக் கராஜிலும் உண்டு. உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளையும் திரும்ப ஒட்டுங்கள், இல்லையேல் மாரியில் காருக்குள் தண்ணீர் வரும்.

இனி நமது வியாபாரிகளுக்கு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. புதிய வண்டி வாங்க முடியாதவர்கள் இருபது வருடம் கடந்த கார்களைப் பழைய பாகங்களால்தான் ஓட்டினார்கள், இன்றும் ஓட்டுகிறார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்குபவர் மறுநாள் கடைக்குத் திரும்பி வரலாம். வன்னியில் உள்ளவருக்குப் பொருளின் விலையைவிடப் போக்குவரத்தும் இழந்த உழைப்பும் அதிகம்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்ட சம்பவம் முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது. மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. மழை அவருடைய குற்றமல்ல. நனைந்ததை ஆட்கள் காண மேலே வைக்காததுதான் குற்றமாயிற்று. லொக் தேய்ந்ததும் என் குற்றமல்ல. ஆனால் ஒரு தரம் மட்டும் தொட்டுக் காட்டியது யார் செய்த வேலை?

அந்தப் பலகை பற்றி ஒரு மௌலவியிடம் கேட்டேன். விற்கும்போதே இருந்த குறை பின்னர் தெரிய வந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு, அதன் பெயர் கியாருல் ஐப் என்றார். நமது ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி, 'எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல' என்று சொல்லி விற்றாலும் இப்படியான பொருளில் பொறுப்பு நீங்காது. ஆனால் குறையைக் கண்டவர் தாமதிக்காமல் திருப்ப வேண்டும் என்றும் விளக்கினார். அந்தத் தம்பி தாமதிக்கவில்லை.

பலகையைக் கழற்றினேன். இப்போது பில்லிலேயே 'பழையது, முப்பது தடவை பரீட்சித்தது, இரண்டு கிழமைக்குள் திருப்பலாம்' என்று எழுதுகிறோம். சில லொக்குகள் திரும்பி வரத்தான் செய்கின்றன. பெரும்பாலும் மோட்டாரை மட்டும் மாற்றினால் போதும், முழு லொக்கோடு பார்க்கையில் அது சின்னச் செலவு.

மல்லாவித் தம்பியின் லொக்குக்கும் அப்படியே மோட்டார் மாற்றி, வெயிலில் வைத்துப் பார்த்து, பஸ் நடத்துநர் கையில் அங்குள்ள கராஜ் ஒன்றுக்குக் கொடுத்தனுப்பினேன். பொருத்திவிட்டதாகச் செய்தி வந்தது. அவருடைய பஸ் காசையும் கணக்குப் பார்த்து உறையில் போட்டு, வந்து வாங்கும்படி சொல்லியனுப்பினேன். அவர் இன்னும் வரவில்லை. உறை லாச்சியில் இருக்கிறது. அடுத்த மாதம் மாங்குளம் பக்கம் ஒரு வேலை உண்டு, இன்ஷா அல்லாஹ் நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.