ஒழுங்கையைத் திருத்த இறங்கும் பிள்ளைகளுக்கு

தம்புள்ளையில் தங்கள் அயலைச் சுத்தமாகவும் பசுமையாகவும் வைத்திருக்க இளையோர் பலர் ஆசைப்படுகிறார்கள். வயதில் மூத்தவன் என்ற உரிமையில் அவர்களுக்குச் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. முதலில் தண்ணீர் போகும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். மழை பெய்யும்போது குடையோடு போய் உங்கள் வடிகான் எங்கே சேர்கிறது என்று பாருங்கள். தம்புளு ஓயா கலாவெவவுக்குப் போகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய குளம் அது. அங்கிருந்து யோத எல என்ற கால்வாய் 87 கிலோமீற்றர் ஓடி அனுராதபுரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. கானில் எறியும் பொலித்தீன் நம் ஊரோடு நின்றுவிடாது.

2. உக்குவதையும் உக்காததையும் குசினியிலேயே பிரியுங்கள். இலங்கையின் நகரக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. கலந்துவிட்டால் இரண்டுமே வீண், குப்பைமேட்டுக்குத்தான் போகும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அம்பாறை பள்ளக்காட்டில் குப்பையோடு பிளாஸ்டிக்கைத் தின்ற யானைகள் செத்தன. நம் ஊரைச் சுற்றியும் யானை நடமாடும் காடுதான்.

3. பசளை தயாரிக்கும் முறையைச் சரியாகப் பழகுங்கள். 1999இல் பொருளாதார மத்திய நிலையம் திறந்தது முதல் மரக்கறிக் கழிவுக்கு இங்கே குறைவில்லை. ஆனால் கோவா இலையும் தக்காளியும் பெரும்பாலும் தண்ணீர். தனியே குவித்தால் அழுகி நாறும், ஈ மொய்க்கும், அயலவர் சண்டைக்கு வருவார்கள். ஒரு பங்கு பச்சைக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகோ வைக்கோலோ அடுக்குங்கள். கிழமைக்கு ஒருமுறை புரட்டுங்கள். கையில் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. நல்ல குவியல் உள்ளே கை வைக்க முடியாதபடி சுடும். மூன்று மாதமளவில் மண்வாசம் வந்தால் பசளை தயார். அடுக்குவதற்கான சருகை, அதை எரிப்பவரிடம் போய்க் கேட்டு வாங்குங்கள்.

4. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றப் போகாதீர்கள். 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதியை அரசு திடீரென நிறுத்தியது. போதிய சேதனப் பசளை இல்லை, பயிற்சியும் இல்லை. விளைச்சல் விழுந்தது, விவசாயி தெருவுக்கு வந்தார், அந்த ஆண்டு முடிவதற்குள் தடையும் போனது. நல்ல நோக்கம் அவசரத்தால் கெட்டது. பத்து வீட்டில் தொடங்குங்கள். அது நிலைத்த பிறகு அடுத்த ஒழுங்கைக்குப் போங்கள்.

5. நடுவதற்கு முன் தானாக முளைத்ததைத் தேடுங்கள். கண்டலமை வீதியில் சாம் பொப்பம் என்பவர் 1963இல் தொடங்கிய மரச்சோலை இருக்கிறது. இப்போது அதை அடிப்படைக் கற்கைகள் நிறுவனம் பராமரிக்கிறது. முட்பற்றையை வெட்டி வெளிச்சம் விட்டால், வரண்ட வலயத்துக்குரிய மரங்களின் கன்றுகள் தாமே எழும்பும் என்பதை அவர் அங்கே காட்டினார். பாலை, வீரை, முதிரை, கருங்காலி எல்லாம் நம் வெயிலுக்குப் பழகியவை. வெளியூர்ப் பூமரத்துக்குச் செலவழிக்கும் முன் உங்கள் வேலியோரத்தைப் பாருங்கள். நடத்தான் வேண்டுமென்றால் ஒக்டோபரில், பெரும்போக மழையோடு நடுங்கள். கோடையில் நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனால் கன்று காய்ந்துவிடும்.

6. மழைநீர் பிடிக்கப் பீப்பாய் வைத்தால் அதை வலையால் மூடுங்கள். மூடாத பீப்பாயில் டெங்கு நுளம்பு பெருகும். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் உங்கள் முயற்சி முழுவதையும் ஊர் வெறுத்துவிடும்.

7. ஆட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அறிவித்தலைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதுங்கள். விகாரைக்கும் பள்ளிவாசலுக்கும் கோவிலுக்கும் நேரே போய்ச் சொல்லுங்கள். விடியற்காலையில் குப்பை அள்ளும் மாநகர சபைத் தொழிலாளரிடம் மரியாதையாகப் பேசுங்கள். எந்த வீட்டார் பிரிக்கிறார்கள், எவர் பிரிப்பதில்லை என்று அவருக்குத்தான் தெரியும். சிரமதானம் இந்த நாட்டில் நன்கு வேரூன்றிய வழக்கம். ஆனால் ஒருநாள் சிரமதானத்தால் ஒழுங்கை ஒருநாள்தான் சுத்தமாக இருக்கும். ஒவ்வொரு கிழமையும் யார், எந்த வேலை என்று பெயரெழுதி வையுங்கள்.

பிள்ளைகளே, காசும் பதாகையும் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வரும் ஞாயிறு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, இரண்டு வாளிகளோடு தொடங்குங்கள்.